நஞ்சேறிய நிலம்: எவ்வளவு சுத்தம் செய்தால் போதும்? அதை யார் முடிவு செய்வது?

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இயங்கி வந்தது. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த அந்த ஆலை 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. முதலாளிகளும் தொழிலாளர்களும் போய்விட்டார்கள். ஆனால் சுமார் 2.27 லட்சம் டன் குரோமியக் கழிவு மட்டும் அங்கேயே குவிந்து நின்றது. மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நிற நீர் கசிந்து ஓடியது. சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர் கெட்டது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையின் பெயரும் இடம்பெற்றது.

இந்தச் செய்தி நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை ஊர்களில் தோல் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களில் நம் சமுதாயத்தினர் கணிசமானோர். டேனரி நடத்துபவர்களும் நம்மவர்கள், அதில் கூலிக்குப் போகிறவர்களும் நம்மவர்கள், கெட்டுப்போன கிணற்று நீரைக் குடித்தவர்களிலும் நம்மவர்கள் உண்டு. எனவே, "இந்த நிலத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும், யார் செலவில்?" என்ற கேள்விக்கு நியாயமான பதில் எது என்பதை நாம் விளங்கிக்கொள்வது அவசியம்.

முழுவதும் ஏன் சுத்தம் செய்யக் கூடாது?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: "நஞ்சு இருந்தால் கடைசித் துளி வரை எடுத்துவிட வேண்டியதுதானே?"

நெதர்லாந்து நாடு இதைச் செய்து பார்த்தது. 1980இல் அங்கே லெக்கர்கெர்க் என்ற ஊரில் ஒரு புதிய குடியிருப்பே ரசாயனக் கழிவுகளின் மேல் கட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. 250க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடுகளைக் காலி செய்ய நேர்ந்தது. நாடே அதிர்ந்தது. 1983இல் இடைக்காலச் சட்டம் ஒன்று வந்தது. மாசடைந்த நிலம் எதுவானாலும், விவசாயம் முதல் வீடு வரை எந்தப் பயன்பாட்டுக்கும் ஏற்றதாக அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது அப்போதைய கொள்கை.

ஆனால் தேடத் தேட மாசடைந்த இடங்கள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. ஓர் இடத்தை முழுமையாகச் சுத்தம் செய்யும் பணத்தில் பல இடங்களின் ஆபத்தை நீக்கியிருக்கலாம். செலவு தாங்காமல் பணிகள் தேங்கின. 1990களின் இறுதியில் அந்நாடு கொள்கையை மாற்றியது. நிலம் எதற்குப் பயன்படப்போகிறதோ அதற்கு ஏற்ற அளவில் சுத்தம் செய்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தது.

இதைத்தான் ஆபத்தின் அடிப்படையில் அமைந்த விதி என்கிறார்கள். ஒரே பணம், ஒரே நேரம். அதை முதலில் எங்கே செலவிட்டால் அதிக மனிதர்கள் காப்பாற்றப்படுவார்கள் என்று பார்ப்பது. அறிவுக்குப் பொருந்திய வழிதான். ஆனால் இதே வழி தவறான கைகளில் "கொஞ்சம் நஞ்சு இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லித் தப்பிக்கும் வாசலாகவும் மாறிவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கணக்கின் உள்ளே இருக்கிறது.

ஆபத்து என்றால் என்ன?

நஞ்சு இருப்பது வேறு, ஆபத்து இருப்பது வேறு. பூட்டிய அலமாரியில் பூச்சிமருந்து இருந்தால் அது நஞ்சுதான். ஆனால் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கும்போதுதான் ஆபத்து.

நிலத்திலும் இப்படியே மூன்று கண்ணிகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, நஞ்சின் மூலம். இரண்டாவது, அது பயணிக்கும் வழி: நிலத்தடி நீர், காற்றில் பறக்கும் தூசு, வயலில் விளையும் கீரை, கையில் ஒட்டும் மண். மூன்றாவது, அதன் முடிவில் நிற்கும் உயிர்: குழந்தை, கர்ப்பிணி, தொழிலாளி, ஆடு மாடு, ஆற்று மீன். இந்த மூன்றும் சங்கிலியாகச் சேர்ந்தால்தான் ஆபத்து. பிரிட்டனின் மாசு நிலச் சட்டம் இந்தச் சங்கிலியையே அடிப்படையாக வைத்திருக்கிறது.

சங்கிலியை எந்த இடத்திலும் அறுக்கலாம். மூலத்தையே தோண்டி எடுக்கலாம். ரசாயன முறையில் அதன் வீரியத்தைக் குறைக்கலாம். மழைநீர் இறங்காதபடி மேலே மூடி, பக்கவாட்டில் சுவர் எழுப்பி வழியை அடைக்கலாம். அல்லது மக்களுக்கு வேறு குடிநீர் கொடுத்து, அந்த இடத்துக்குள் யாரும் நுழையாமல் தடுக்கலாம்.

கடைசி வழி மலிவானது, உடனே செய்யக்கூடியது. ஆனால் அது நிரந்தரத் தீர்வு ஆகாது. வேலி ஒருநாள் சாயும். காவலாளி ஒருநாள் வராமல் போவார். "இங்கே தோண்டாதே" என்ற பலகை துருப்பிடிக்கும். முப்பது ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் வீடு கட்டுபவருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. எனவே மூடி வைப்பதுதான் முடிவு என்றால், அதைப் பராமரிக்கும் பணமும் பொறுப்பும் முன்கூட்டியே யாரிடமாவது ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரே உலோகம், இரண்டு முகங்கள்

குரோமியத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு முக்கியமாக இரண்டு வடிவங்கள். டேனரியில் தோலைப் பதப்படுத்தப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். இது பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், நீரில் எளிதில் கரைந்து ஓடாது, நச்சுத்தன்மையும் குறைவு. மற்றது அறுவிணைதிறன் குரோமியம். குரோமிய உப்புகளைத் தயாரிக்கும் ஆலைகளின் கழிவில் இருப்பது இதுதான். இது நீரில் கரையும், நிலத்தடியில் வெகுதூரம் போகும், தோலில் புண்ணாக்கும். இதன் தூசைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கனடாவின் மண் தர வழிகாட்டியைப் பார்த்தால் இந்த வேறுபாடு புரியும். குடியிருப்பு நிலத்தில் ஒரு கிலோ மண்ணுக்கு மொத்தக் குரோமியம் 64 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது அது. அதே மண்ணில் அறுவிணைதிறன் குரோமியம் 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 160 மடங்கு வேறுபாடு! தொழிற்சாலை நிலம் என்றால் இந்த அளவுகள் முறையே 87, 1.4 என்று சற்றுத் தளர்கின்றன.

ஆகவே "மண்ணில் குரோமியம் இருக்கிறது" என்ற ஒற்றை வரிச் சோதனை அறிக்கையை வைத்துப் பதறுவதும் தவறு, "பெரும்பகுதி ஆபத்தில்லாத குரோமியம்தான்" என்று கேட்டு நிம்மதியடைவதும் தவறு. எந்த வடிவம், எவ்வளவு என்று கேட்க வேண்டும். மண்ணின் தன்மையைப் பொறுத்து ஒரு வடிவம் இன்னொன்றாக மாறவும் கூடும் என்பதால், ஒருமுறை சோதித்துவிட்டு விட்டுவிடவும் முடியாது.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது?

0.4 என்றும் 64 என்றும் சொல்கிறார்களே, இவை எங்கிருந்து வருகின்றன? அடிப்படையில் இது ஒரு கணக்கு. ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு மண்ணும் தூசும் விழுங்குகிறார், அவருடைய எடை என்ன, அந்த இடத்தில் எத்தனை ஆண்டுகள் வாழ்கிறார், அங்கே விளைந்ததைச் சாப்பிடுகிறாரா, அந்த நீரைக் குடிக்கிறாரா என்று அனுமானித்துக்கொண்டு, உடல் தாங்கும் அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழக்கமான அனுமானங்களைப் பாருங்கள். சிறு குழந்தை நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணும் தூசும் விழுங்கும், அதன் எடை 15 கிலோ. பெரியவர் 100 மில்லிகிராம் விழுங்குவார், எடை 80 கிலோ. ஒரு கிலோ உடல் எடைக்கு எவ்வளவு மண் என்று வகுத்துப் பார்த்தால், பெரியவரைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான மண் குழந்தையின் உடலில் சேர்கிறது. ஒரே முற்றம்தான், ஆனால் தந்தைக்கு இருக்கும் ஆபத்தும் மகளுக்கு இருக்கும் ஆபத்தும் ஒன்றல்ல. எனவே குடியிருப்புப் பகுதிக்கான அளவு குழந்தையை மனத்தில் வைத்தே நிர்ணயிக்கப்பட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே கணக்கில் ஒரு குடும்பம் ஒரு வீட்டில் 26 ஆண்டுகள் வசிக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க வாழ்க்கைக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் பிள்ளைகள் வளர்கிறார்கள். நம் குழந்தைகள் வெறுங்காலுடன் தெருவில் விளையாடுகிறார்கள். வீட்டுக் கிணற்று நீர்தான் குடிக்கவும் சமைக்கவும் உளூச் செய்யவும். நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோரின் எடை 80 கிலோ அல்ல. வேறு நாட்டு எண்ணை அப்படியே எடுத்து ஒட்டினால், அந்தக் கணக்கில் நாம் இருக்கவே மாட்டோம்.

அறிவு வளரும்போது எண்ணும் மாற வேண்டும். குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பதே எச்சரிக்கை அளவாக இருந்தது. குறைந்த அளவு ஈயமே குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது என்ற ஆய்வுகள் பெருகியபின், 2024 ஜனவரியில் அதை 200 ஆகப் பாதியாகக் குறைத்தார்கள்.

கொடைக்கானல் சொல்லும் பாடம்

எண்ணை யார், எந்த அனுமானத்தில் நிர்ணயிக்கிறார்கள் என்பதில் எவ்வளவு பெரிய சச்சரவு வரும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. அங்கே பாம்பார் சோலைக்கு மேலே உள்ள மலைமுகட்டில், பின்னாளில் இந்துஸ்தான் யூனிலீவரின் வசமான வெப்பமானி ஆலை ஒன்று இயங்கியது. 2001இல், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்ததும் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆலை வளாகத்து மண் எஞ்சியது.

அந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது? ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவு அங்கீகரிக்கப்பட்டது. அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்ட ஆபத்து ஆய்வின்படி அது பாதுகாப்பானது, அதற்கும் கீழே போனால் மரங்களை வெட்டி, மலைச்சரிவின் மண்ணை அரிக்கவிட நேரும் என்பது ஒரு தரப்பு வாதம். அது வெறும் ஆலை மனை அல்ல, கீழே காடும் ஓடையும் மீனும் இருக்கின்றன, ஒரு பணக்கார நாட்டில் இந்த அளவை ஏற்பார்களா என்பது மறுதரப்பு வாதம். ஒப்பீட்டுக்குச் சொன்னால், கனடா வழிகாட்டியில் பாதரசத்துக்குக் குடியிருப்பு நிலத்தில் 6.6, வணிக நிலத்தில் 24.

மரங்களைக் காக்க வேண்டும் என்பது பொருளற்ற வாதம் அல்ல. ஆனால் சங்கிலியின் முடிவில் நிற்பவர் யார் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் எண்ணைப் பற்றி மட்டும் வாதிட்டால், வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். மண் அப்படியே கிடக்கும். அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடே 2016இல்தான் எட்டப்பட்டது. ஆலை மூடி 15 ஆண்டுகளுக்குப் பிறகு!

செலவு யாருடையது?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு இந்திய சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. டேனரிக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்தது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று நீதிமன்றம் அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

இது நம்மில் பலருக்குக் கசப்பான தீர்ப்பாக இருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வழியில்லாத சிறிய டேனரிக்காரர்கள் திணறினார்கள். அந்த வலி உண்மையானது. ஆனால் பாலாற்றங்கரையில் தென்னையும் நெல்லும் கருகிய விவசாயியின் வலியும் அதே அளவுக்கு உண்மையானது. நம் தொழில் என்பதற்காக அடுத்தவர் கிணற்றைக் கெடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. 2025 ஜனவரி 30 அன்று இதே பகுதி தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு வழங்கிவிட்டு, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வசூலாகும்வரை ஏழை காத்திருக்கத் தேவையில்லை என்பது இதன் பொருள்.

புதிய விதிகள் என்ன சொல்கின்றன?

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி விதிகளை அறிவித்தது. அதுவரை இதற்குத் தனிச் சட்ட நடைமுறை இல்லை. நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தும், ஏழு இடங்களில் மட்டுமே சுத்தப்படுத்தும் பணி தொடங்கியிருந்தது.

புதிய விதிகளின்படி, சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தயாரிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். அடுத்த மூன்று மாதங்களில் விரிவான ஆய்வு நடத்தி, மாசு உறுதியானால் இடத்தின் விவரத்தைப் பொதுவில் அறிவித்து நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பொறுப்பானவரைக் கண்டறிந்து செலவை வசூலிக்க வேண்டும். அவரால் இயலாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும். கதிரியக்கக் கழிவு, சுரங்கப் பணிகள், கடலில் எண்ணெய்க் கசிவு, நகராட்சிக் குப்பைக் கிடங்கு ஆகியவை இந்த விதிகளின் கீழ் வரமாட்டா.

ஆய்வுக்குக் கெடு இருக்கிறது. ஆனால் ஓர் இடம் மாசடைந்தது என்று உறுதியான பிறகு எத்தனை ஆண்டுகளில் அதைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்ற கெடு இல்லை. ராணிப்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

நியாயமான விதிக்கு ஐந்து அடையாளங்கள்

ஒன்று: அளவு அந்த மண்ணில் உண்மையாக வாழ்பவரைக் கொண்டு கணக்கிடப்பட வேண்டும், அவர்களில் மிகப் பலவீனமானவரை, அதாவது குழந்தையை, முன்னிறுத்த வேண்டும்.

இரண்டு: கணக்கில் பயன்படுத்திய அனுமானங்கள் அனைத்தும் அந்த ஊர் மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியிடப்பட வேண்டும்.

மூன்று: ஐயம் வந்தால் அதன் பலன் மாசுபடுத்தியவருக்குப் போகாமல் பாதிக்கப்படுபவருக்குப் போக வேண்டும்.

நான்கு: ஆய்வு செய்பவர், சுத்தம் செய்பவர், "முடிந்தது" என்று சான்று கொடுப்பவர் மூவரும் ஒரே கையில் இருக்கக் கூடாது.

ஐந்து: நஞ்சை உள்ளேயே விட்டு மூடினால், அந்தத் தகவல் நிலத்தின் ஆவணத்தோடு நிரந்தரமாகச் சேர வேண்டும், கண்காணிப்புக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

தொழிற்பேட்டைக்கு அருகில் மனை மலிவாகக் கிடைத்தால், பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்க்காதீர்கள். முன்பு அங்கே என்ன இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய ஆலை, சாயப்பட்டறை, பேட்டரி உடைக்கும் இடம், கழிவுக் குட்டை என்று பதில் வந்தால் மண்ணையும் நீரையும் சோதித்த பிறகே முன்பணம் கொடுங்கள். மதரஸாவுக்கோ மையவாடிக்கோ நிலம் வாங்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் செலவிடுவது பொதுப் பணம்.

மூடிய ஆலை வளாகத்திலிருந்து அள்ளிவந்த மண்ணையோ கசடையோ வீட்டு அடித்தளத்துக்கு நிரப்பாதீர்கள். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கிணற்று நீர் மஞ்சளாக மாறினால் உடனே குடிப்பதை நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், குரோமியம் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் அடர்த்தி கூடவே செய்யும். நிறம் மாறாத நீரும் பாதுகாப்பானது என்று பொருளல்ல. குடிநீரில் குரோமியம் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். ஒரு தெருவே சேர்ந்து சோதித்தால் செலவும் குறையும், மனு கொடுக்கும்போது ஆதாரமும் வலுவாக இருக்கும்.

சந்தேகத்துக்குரிய இடம் உங்கள் பகுதியில் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். புதிய விதிகளின்படி பட்டியல் தயாரிப்பது அவருடைய நிர்வாகத்தின் கடமை. ஏற்கெனவே ஆய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் ஜமாஅத்தாகச் சென்று, "எந்தக் குழந்தையை வைத்து இந்த அளவைக் கணக்கிட்டீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வரும்வரை எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.